ஏரிக்குள் ஒரு கடற்கரை வீடு

எங்கள் வீடு கடலோடு போய்விட்டது என்று சொன்னால், சென்னைக்கு வெளியே நான் இப்போது இருக்கும் ஒரகடம் பக்கத்தில் எல்லாரும் உடனே கேட்பது "சுனாமியிலயா?" என்றுதான். இல்லை என்றதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். சுனாமி என்றால் டிவியில் பார்த்திருக்கிறார்கள். நிவாரணம் வந்திருக்கும், புதுக் குடியிருப்பு கட்டிக் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீடு அதற்கு முந்தைய ஆடியிலேயே போய்விட்டது. அதுவும் ஒரே நாளில் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போதே போக ஆரம்பித்து, கம்பெனியில் பெர்மனென்ட் ஆன பிறகுதான் போய் முடிந்தது. இப்படி நிதானமாகப் போகிற வீட்டுக்கு யாரும் நிவாரணம் கொடுப்பதில்லை. அப்பாவுக்கு இதில் தீராத கோபம். "ஒரே நாள்ல போயிருந்தா நம்மளயும் ஒரு மனுசனா மதிச்சிருப்பான்" என்பார்.

திசையன்விளைக்குக் கிழக்கே, கடலை ஒட்டின ஊர் எங்களுடையது. வீடுகள் கடலுக்கு முகம் காட்டி வரிசை வரிசையாக இருக்கும். நான் பிறந்தபோது எங்கள் வீடு நாலாவது வரிசை. எட்டாவது படிக்கும்போது இரண்டாவது வரிசை. நாங்கள் ஓர் அடிகூட நகரவில்லை, கடல்தான் வந்துகொண்டிருந்தது. கல் கொட்டித் தடுக்க வேண்டும் என்று ஊரார் மனு கொடுத்தார்கள், பஸ்ஸை மறித்தார்கள். கொஞ்சம் கல் கொட்டவும் செய்தார்கள். கல் கொட்டிய இடத்தில் கடல் நின்றது. கல் வந்து சேராத இடத்தில், அதாவது எங்கள் பக்கத்தில், விட்டதையும் சேர்த்து ஏறியது.

மனுவைவிட ஊர் நம்பியது தன் சொந்த ஏற்பாட்டைத்தான். முன்வரிசையில் ஒரு வீடு போனால், அந்தக் குடும்பத்துக்கு ஊரின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஓர் இடம் உண்டு. ஊர்க்கமிட்டிக்காரர்கள் கயிறு பிடித்து அளந்து கொடுப்பார்கள். முதல் வரிசைக்காரன் கடைசி வரிசைக்காரன் ஆவான், இரண்டாவது வரிசைக்காரன் முதல் வரிசைக்கு வருவான். இதில் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. எல்லாருக்கும் தங்கள் முறை வரும் என்று தெரியும். ஒரே ஒரு குறைதான். ஊருக்குப் பின்னால் கிடந்த மணல்காடு என்றைக்கும் தீராது என்று நினைத்திருந்தார்கள். எங்கள் முறை நெருங்கியபோது பனங்காட்டுக்காரர் முள்வேலி போட்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தார் ரோடு. முன்னால் கடலும் பின்னால் ரோடுமாக ஊர் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஆனி பிறந்து காற்று வலுத்ததும் முன்வரிசை வீடுகளில் கதவு கழற்றுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. காற்றும் மழையும் வந்தால் கதவைச் சாத்துவதுதானே ஊர் உலகத்தில் வழக்கம். எங்கள் ஊரில் சாத்தின கதவில் அலை அடித்தால், கதவோடு நிலையும் நிலையோடு சுவரும் பெயர்ந்துகொண்டு போய்விடும். அதனால் முன்கதவையும் பின்கதவையும் கழற்றிவிட்டு, சட்டி பானைகளைப் பின்வரிசைச் சொந்தக்காரர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, வீட்டைத் தண்ணீருக்கு ஒரு சந்து மாதிரி விட்டுவிடுவோம். தண்ணீர் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்கும். கொஞ்சம் வந்த வழியே திரும்பும். மீதியை மணல் குடித்துவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் தரை தெரியும்.

இதற்காகவே எங்கள் கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலேயும் கீழேயும் குடுமி வைத்த மரக்கதவுகள். குடுமி குழியில் நின்று சுழலும். அப்பா கதவை மேலே தூக்கிப் பிடிப்பார், அம்மா அடியைப் பிடித்து வெளியே இழுப்பாள். இரண்டு பேர் இல்லாமல் அந்தக் கதவு வராது. கழற்றியதைக் கோயில் மண்டபத்தில் சாய்த்து வைப்போம். எங்கள் பக்கம் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வது. ஆவணி வந்ததும் எடுத்துவந்து மாட்டுவார்கள். நடுவில் உள்ள நாளெல்லாம் கதவில்லாத வீட்டில்தான் குடித்தனம். நாய் வரும், கோழி வரும், பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்து வந்து எங்கள் தட்டில் உட்காரும். எனக்கு அது பிடித்திருந்தது. சின்ன வயதில் எதுதான் பிடிக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஐடிஐ முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தேன். கார் கம்பெனியைச் சுற்றி, அதற்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் வேலை. கார் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்வது. ஒரே ரூமில் எங்கள் ஜில்லாப் பையன்கள் பல பேர். ஏ ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் சி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். பாய் ஆறவே ஆறாது. ஜில்லா ஒன்றானாலும் மற்றவர்கள் எல்லாரும் கரிசல்காட்டுக்காரர்கள். நான் ஒருவன்தான் கடற்கரை. மழை பெய்தால் அவர்கள் சந்தோஷப்பட்டு ஊருக்கு ஃபோன் போட்டு அங்கே பெய்ததா என்று கேட்பார்கள். நானும் ஃபோன் போட்டு அதையேதான் கேட்பேன், ஆனால் வேறு குரலில்.

அந்த வருஷங்களில் என்னிடம் இருந்தது ஒரே திட்டம்தான். வீடு முழுசாகப் போவதற்குள் அப்பாவையும் அம்மாவையும் கடல் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எனக்குக் கடல் மேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. கடலைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லீவுக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள். அப்பா அப்படியில்லை, அதில் தொழில் செய்தவர், அவருக்கு உருக நேரம் இருந்ததில்லை. ஆனால் அவர் அதைவிட்டு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் அவரோடுதான் இருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். அம்மாவைத் தனியாக ஒரு கணக்காக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவு போட்டார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கலர்க் கொடி, ஷாமியானா, வந்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு ஜூஸ். நான் போனது சித்திரை மாசம். கூட வந்தவர்கள் பத்திரம் பார்த்தார்கள், ரோடு அகலம் பார்த்தார்கள், வாஸ்து பார்த்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். குதிகாலால் ஓங்கி உதைத்தேன், அசையவில்லை. கிடந்த கம்பியால் குத்தினேன், இறங்கவில்லை. வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண். காலுக்கடியில் நழுவுகிற மணலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும். இந்த மண்ணை எந்தத் தண்ணீராலும் கொண்டுபோக முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அப்படி ஒரு களிமண் சும்மா ஓர் இடத்தில் வந்து சேராது, தண்ணீர் வருஷக்கணக்கில் நின்று நின்று படிந்தால்தான் வரும் என்பது அந்த ஊரில் மாடு மேய்க்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வரும், போகும். நிற்கவே நிற்காது. நிற்கிற தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

சுவர் எழுப்பி, மேலே தளம் போட்ட அளவில் கட்டடம் நின்றிருந்தது. அப்போதுதான் ஊரில் வீடு போனது. அந்த ஆடியில் முதலில் முன்னறை, பிறகு சுவர் சுவராக மிச்சம். கதவுகள் கோயில் மண்டபத்தில் இருந்ததால் தப்பின. அப்பா எஸ்டிடி பூத்திலிருந்து பேசினார். "கதவு மட்டும் இருக்குல. மாட்டுததுக்குச் செவுரு இல்ல. நீ அங்கன செவுரு வச்சிருக்கேன்னு உங்கம்மா சொல்லுதா" என்றார். நாங்கள் வருகிறோம் என்பதை அவர் சொன்ன விதம் இதுதான்.

கதவுகள் மீன் வண்டியில் வந்தன. வண்டிக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து வந்தார்கள். உள்ளூர் மேஸ்திரி கதவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னாதுபா இது, கீலே காணோம்?" என்றார். புதுக் கதவு போட்டுவிடலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேராக இருக்க வேண்டும், கதவு தூக்கினால் வர வேண்டும் என்று நின்றார். "இங்க எங்கப்பா கடல் கீது?" என்று கேட்டுக்கொண்டே மேஸ்திரி குடுமிக்குக் குழி வெட்டிக் கொடுத்தார். கதவு உயரம் குறைவு. நான் இன்றைக்கும் குனிந்துதான் என் வீட்டுக்குள் போகிறேன்.

அவர்கள் இங்கே நிலைப்பார்களா என்பதுதான் பிறகு என் கவலை. அப்பாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ரோட்டுக்குப் போய் ஐஸ் மீன் விற்கிறவரிடம் செவுளைத் தூக்கிக் காட்டி, இது எத்தனை நாள் பழசு என்று அவருக்கே விளக்குவார். கொஞ்ச நாளில் மீன்காரர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மா வாசல் பெருக்கினாள், முருங்கை நட்டாள், பட்டப்பகலிலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். புது ஊர் என்று பயப்படுகிறாள் என நான் நினைத்தேன். ஊர் ஞாபகத்தில் முடங்கிக் கிடக்கிறாள் என்று அப்பா சொன்னார். "பாவம், அவங்களுக்கு இங்க செட் ஆவல" என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் உள்ளூர் விவசாயக் குடும்பம். அவர் நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. தன் நிலத்தில் நின்ற கம்பெனியிலேயே யூனிபாரம் போட்டு கேட்டில் நின்றார். மிஞ்சினது ஒரு மாடும், மனைப்பிரிவின் ஓரத்தில் மேடு பார்த்துக் கட்டின வீடும். நல்ல மனுஷன். நான் மனை வாங்கி வீடு கட்டும்வரை அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாரே என்று பின்னால் எனக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு, "நீ கேட்டியா தம்பி? கூப்ட்டு சொன்னா, இவன் இன்னாடா நம்ப மனைய கெடுக்கறான்னு சொல்லுவீங்க" என்றார். அதுவும் நியாயம்தான்.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. அப்பா பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை, படகுகள் உடைந்தன, கோயில் படிக்கட்டுவரை தண்ணீர் வந்தது. அப்பா உடனே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். ஊரே கூடி வலை பிரித்துக்கொண்டு, படகு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். "எல்லாரும் அங்கன கெடக்காங்க, நான் இங்கன களிமண்ண மிதிச்சிட்டுக் கெடக்கேன்" என்றார். கோயில் நிலத்தில் ஒரு ஓலைக்குடிசை போட்டுக்கொள்ளப் பங்குச் சாமியார் சம்மதித்துவிட்டாராம். சித்தப்பா படகில் போகலாமாம். அடுத்த மழை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். அம்மா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அதைச் சம்மதம் என்று நாங்கள் இரண்டு பேருமே எடுத்துக்கொண்டோம். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஓடி ஓடி, ஓவர்டைம் பார்த்துக் கட்டின வீட்டில் நான் மட்டும் தனியாக இருக்கப்போகிறேன் என்று.

மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் சந்தோஷம். ஏரி நிறைகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மழை விடவேயில்லை. கம்பெனி பஸ் ஒரகடம் கூட்ரோட்டோடு திரும்பிப் போனது. மனைப்பிரிவின் கிழக்குப் பக்கம், கொடி நட்டிருந்த இடம், தண்ணீரில் மின்ன ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் மஞ்சள் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. ஏரி தன் பழைய இடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. அவசரமே படவில்லை.

அப்பா எழுந்தார். அவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு தெளிவு. "ஏட்டி, வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்பா மேலே தூக்கினார், அம்மா அடியைப் பிடித்து இழுத்தாள். முன்கதவு வந்தது. பின்கதவும் வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் அதில் தவறாக ஒன்றும் படவில்லை. கதவுகளை ஏணியில் ஏற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோக நானும் ஒரு கை கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் களிமண்ணைக் குழைத்து வரப்பு மாதிரி அணை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, உங்கப்பா கதவ கயட்டிக்கினு கீறாரு? வூட்ட காலி பண்றீங்களா?"

"இல்லண்ணே. தண்ணி வந்து போறதுக்கு."

"எங்க போவும்?"

பின்வாசலுக்குப் பின்னால் பார்த்தேன். அங்கேயும் முன்வாசலில் இருந்த அதே தண்ணீர்தான் இருந்தது.

"அது எங்கியும் போவாது தம்பி. இது ஏரி உள்வாய், ஏரி ரொம்பினா தண்ணி நிக்கற எடம். சூரியன் குடிச்சாத்தான் உண்டு. ஒரு மூணு நாள் ஆவும்" என்றார் அவர்.

மூன்று நாள் என்று அவர் சொன்னதும் தப்பு. அவர் கட்டின அணையும் பிரயோஜனப்படவில்லை. வாசலில் தடுத்த தண்ணீர் பாத்ரூம் குழாய் வழியாக அவர் வீட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வாசல் வழியாகவே மரியாதையாக வந்தது. முட்டளவு ஏறி நின்றுவிட்டது. அப்பா மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது திரும்பும் என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. மாலையில் இறங்கிப் போய்ச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தது. அதற்கு மறுநாளும் அங்கேயேதான் இருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை, நுரை இல்லை. "இது தண்ணியால? செத்த பொணம் மாதிரி கெடக்கு" என்றார் அப்பா. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் தொழில் செய்தவருக்கு இந்தத் தண்ணீரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

மொட்டைமாடியில் நாலு பக்கமும் கம்பு கட்டி, தார்ப்பாய் போட்டுக்கொண்டோம். செங்கல் அடுக்கி அதன்மேல் கதவுகளைப் போட்டுக் கட்டிலாக்கினோம். பக்கத்து வீட்டம்மா தினமும் தண்ணீரில் நடந்து வந்து மோர் கொடுத்தார். மாட்டை ரோட்டு மேட்டில் கட்டியிருந்தார்கள். டிராக்டரில் பால் பாக்கெட்டும் ரொட்டியும் வந்தன. மனைப்பிரிவுக்காரர்கள் திரண்டு போய் ஏரிக்கரையை வெட்டிவிட வேண்டும் என்று சத்தம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு கரைமேல் நின்றார்கள். அவர்களுக்குக் கீழே நெல் நட்ட வயல் இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் இரண்டு பக்கத்தையும் கேட்டேன், இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசியது. கடைசியில் அதிகாரிகள் வந்து, தண்ணீர் போகிற வழியில் அடைந்துகிடந்த கால்வாயைத் தோண்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் அங்குலம் அங்குலமாக இறங்கியது.

இறங்கி முடிந்தபோது அப்பா மாறியிருந்தார். அந்தத் தண்ணீர் அவரை ரொம்ப அவமானப்படுத்திவிட்டது. கதவைக் கழற்றிய கதை தெரு முழுக்கப் பரவி, "கதவு வூட்டுக்காரர்" என்று அவருக்குப் பேர் விழுந்திருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஊரில் காற்றைப் பார்த்து நாள் சொன்னவர் அவர். பையில் துணியை எடுத்து வைத்தார். "நாளைக்குப் போயிருவோம். அங்கன தண்ணி வந்தாலும் போயிரும்" என்றார். இதைச் சொன்னபோது அவருக்கு அங்கே வீடு என்று எதுவும் இல்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அம்மா சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். தரையைக் கழுவி முடித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எய்யா, கதவ எடுத்துட்டு வா. மாட்டணும்" என்றாள்.

நான் மாடிக்குப் போய் முன்கதவை இறக்கினேன். அப்பா பார்த்தார். "எதுக்கு இப்பம் மாட்டுத? நாளைக்குப் போறோம்லா. அவன் பொறவு மாட்டிக்கிடுவான்."

"நீங்க போங்க" என்றாள் அம்மா. "நான் வரல."

அப்பாவுக்குக் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம். அவள் திரும்பச் சொல்லவில்லை. கதவின் அடியைப் பிடித்துக்கொண்டு, நான் தூக்குவதற்காகக் காத்திருந்தாள். நான் தூக்கினேன். குடுமி குழியில் உட்கார்ந்தது.

"கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?" என்றார் அப்பா. "இந்தச் சாக்கடத் தண்ணியில வந்து கெடக்கணும்னு தலையெழுத்தா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். சண்டை போடுகிற முகமே இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஆடி மாசம் எனக்குத் தூக்கம் கெடையாது. கதவில்லாத வீட்ல பொம்பள எப்படித் தூங்குவா? நீங்க தூங்கிருவிய. நான் முழிச்சுக் கெடப்பேன். தண்ணி வருதா, மனுசன் எவனும் வாரானா, பிள்ள எந்திரிச்சு வெளிய போறானான்னு. வருசா வருசம். இங்கயும் தண்ணி வந்துச்சு. வந்தா நிக்கி. நிக்கட்டும். காலைல எந்திரிச்சுப் பாத்தா நேத்து நின்ன எடத்துலதான் நிக்கி. மாடியில அந்தக் கதவு மேல படுத்துக்கிட்டு, அத்தன நாளும் நான் நல்லாத் தூங்குனேன். இனிமே என்னயக் கூப்பிடாதிய."

நான் அவ்வளவு நீளமாக அம்மா பேசி அதுவரை கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்பதுபோல. நான் தலையை ஆட்டினேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியிருந்தது. அதே சமயம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் போகாமல் இருந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவும் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கி வருகிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. மறுநாள் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "மாத்திரைய மறந்துராதிய" என்றாள். அவர் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய், அங்கிருந்து பெருங்களத்தூர் போனோம். தெற்கே போகிற பஸ் எல்லாம் அங்கே நின்று போகும். மழை பெய்து ரோடெல்லாம் பெயர்ந்ததால் பஸ்கள் தாமதம். மத்தியான வெயிலில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மைக்குக் கடலு பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதுல" என்றார் திடீரென்று.

"நீங்க கேட்டியளாப்பா?"

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். யோசித்துப் பார்க்க வேண்டிய கேள்வியாகத்தான் அவருக்கு அது இருந்தது.

"கடக்கரையில பொறந்தவகிட்ட அத எவன் கேப்பான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அவளப் பாத்துக்க" என்றார்.

நான் திரும்பி வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்கிற நேரம். அந்த நேரத்தில் யாரும் படுக்கக்கூடாது என்பது அம்மா எங்களுக்குப் போட்ட சட்டம். காய்ச்சலில் கிடந்தால்கூட எழுப்பி உட்கார வைப்பாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். தட்டினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, "உள்ளதான் கீறாங்க தம்பி, எங்கியும் போவல" என்றார். ஜன்னல் பக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

இன்னும் காயாத தரையில் பாயை விரித்து, மல்லாந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி தட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, அவளாக எழுந்திருக்கட்டும் என்று இருந்தேன்.